துருப்பிடிக்காத சவரக்கத்தி: ஒருவருக்கு ஒரு கத்தி



அப்பா காலத்துச் சவரக்கத்தி சில வீடுகளில் இன்னும் இருக்கும். மடக்கினால் கைப்பிடிக்குள் அடங்கும். தீட்டினால் இன்றும் நன்றாக வெட்டும். அதைத் துரு தின்னாமல் காப்பது எப்படி? அதன் வழியாகக் குடும்பத்துக்கு நோய் வராமல் காப்பது எப்படி? இந்தப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்.

துரு ஏன் பிடிக்கிறது?

கத்தி எஃகால் ஆனது. எஃகில் பெரும்பகுதி இரும்பு. இரும்போடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். வியர்வை உப்பு படிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கத்தியின் வாய் மிக மெல்லியது. அங்கே துரு பிடித்தால் பொடிப் பொடிக் குழி விழும். அப்புறம் அது முடியை வெட்டாது, தோலைப் பிறாண்டும். கீறல் பட்ட தோல் வழியாகக் கிருமி உள்ளே நுழையும்.

சவரம் முடிந்ததும் செய்ய வேண்டியவை

1. சோப்பும் முடியும் ஒட்டாமல் வெதுவெதுப்பான நீரில் கத்தியைக் கழுவுங்கள்.
2. காய்ந்த பருத்தித் துணியால் முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகத் துடையுங்கள். வாயின் நீளவாக்கில் துடைத்தால் விரல் அறுபடும்.
3. மடக்கும் இடத்து ஆணியிலும் கைப்பிடிக்குள்ளும் ஈரம் தங்கும். துணி முனையை விட்டுத் துடையுங்கள்.
4. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், சற்று நேரம் திறந்தபடி உலர விடுங்கள்.
5. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ தொட்டு மெல்லப் பூசுங்கள். அடுத்த சவரத்துக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.
6. குளியலறையிலும் ஈரத் துணியிலும் வைக்காதீர்கள்.

லேசான துருப் புள்ளி கண்டால் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து எடுக்கலாம். உப்புத்தாள் போட்டு வாயைத் தேய்க்காதீர்கள். வாயில் குழி விழுந்திருந்தால் சாணை பிடிக்கக் கொடுங்கள். அப்போதும் குழி போகவில்லையா? அந்தக் கத்தி இனிச் சவரத்துக்கு ஆகாது.

சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தபோது

கணவர்: சிஸ்டர், நம்ம கத்தியைப் பாருங்க, துருவே இல்லை! நானும் தம்பியும் இதாலதான் சவரம் பண்றோம்.

செவிலியர்: கத்தியை நல்லா வச்சிருக்கீங்க அண்ணே. ஆனா, துரு இல்லைன்னா கிருமி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் ஒட்டியிருந்தாலே போதும். 'ஹெபடைடிஸ் பி' மஞ்சள் காமாலைக் கிருமி உடம்புக்கு வெளியே 7 நாள் வரைக்கும்கூட உயிரோட இருக்கும். தம்பிக்குத் தனியா ஒண்ணு வாங்கிக் கொடுங்க.

கணவர்: நெருப்புல வாட்டினா கிருமி செத்துடுமே?

செவிலியர்: கத்தியோட பதமும் போயிடுமே! அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

மனைவி: சிஸ்டர், இது எனக்கு எட்டாம் மாசம். அந்தக் காலத்துல தொப்புள்கொடியைச் சவரக்கத்தியாலதான் அறுத்தாங்களாம். அவசரம்னா இதைக் கழுவிட்டு அறுக்கலாமான்னு அத்தை கேக்கறாங்க.

செவிலியர்: வேண்டவே வேண்டாம்மா! ரணஜன்னிக் கிருமி மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கு. வெந்நீர்ல கொதிக்க வச்சாலும் அது சாகாம தப்பிக்கும். கொடி வழியா உள்ளே போனா, சில நாள்ல குழந்தைக்குத் தாடை இறுகிடும், பால் குடிக்க முடியாது. அப்படி எத்தனையோ பிள்ளைகளை ஒரு காலத்துல இழந்திருக்கோம். தடுப்பூசியாலயும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலயும் 2015-ல தாய்-சேய் ரணஜன்னி இந்தியாவுல ஒழிக்கப்பட்டதா அறிவிச்சாங்க. ஆனா கிருமி மண்ணை விட்டுப் போயிடலை.

மனைவி: வீட்டுலயே பிறந்துட்டா என்ன செய்யறது?

செவிலியர்: கொடியை அறுக்க அவசரமே இல்லை. குழந்தையைத் துடைச்சு, உன் நெஞ்சோட சேர்த்து வச்சு, ரெண்டு பேரையும் துணியால போர்த்தணும். 108-ஐ உடனே கூப்பிடணும். நஞ்சு விழுந்துட்டா அதையும் குழந்தையோட சேர்த்தே கொண்டு வரணும்.

நினைவில் கொள்ளுங்கள்

* கத்தியை ஈரத்தோடு மடக்காதீர்கள்.
* ஒருவருக்கு ஒரு கத்தி. அண்ணன் தம்பியானாலும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.
* சலூனிலும், குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு முடி இறக்கும்போதும் புது பிளேடு போடச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.
* கத்தி ஆழமாகக் கீறிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.
* கர்ப்பிணிகள் ரணஜன்னித் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். பிரசவம் மருத்துவமனையிலேயே நடக்கட்டும்.
* குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும்.

இன்று இரவு கணவனும் மனைவியும் சேர்ந்து யோசித்துப் பாருங்கள்: நம் வீட்டுக் கத்தி எங்கே இருக்கிறது? அதை எத்தனை பேர் எடுக்கிறார்கள்?