பாஸ்தாவும் அரிசியும்: எப்போது அலசலாம், எப்போது கூடாது?

சேமியாவை வேகவைத்து வடித்தவுடன் அதன்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவது தமிழர் வீடுகளில் நெடுநாள் வழக்கம். உப்புமா குழையாமல் உதிரியாக வர அது உதவுகிறது. எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் பலர் பாஸ்தாவையும் அவ்வாறே அலசுகின்றனர். சேமியாவுக்கு அது பொருந்துவதும் பாஸ்தாவுக்குப் பெரும்பாலும் பொருந்தாததும் ஒரே காரணத்தால்தான்.

வேகும்போது பாஸ்தாவின் மாவுச்சத்தில் ஒரு பகுதி நீரில் கலக்கிறது. ஒரு பகுதி மேற்பரப்பில் மெல்லிய பசையாகப் படிகிறது. தக்காளிச் சாறு போன்ற சூடான சாஸைப் பற்றிக்கொள்வது இந்தப் பசைதான். அலசிவிட்டால் சாஸ் வழுக்கித் தட்டின் அடியில் தேங்கும், உணவும் ஆறிவிடும். ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் இருந்தால் தாராளமாக நீர் வைத்து, பாஸ்தாவைப் போட்ட முதல் இரண்டு நிமிடங்கள் நன்றாகக் கிளறிவிட வேண்டும். வடித்தவுடன் சாஸில் சேர்ப்பதும் அவசியம். வடிநீரில் ஒரு கரண்டியை எடுத்து வைத்துச் சாஸில் ஊற்றினால் அது கெட்டியாகிச் சேரும். கொதிநீரில் எண்ணெய் ஊற்றுவதால் பெரும் பயன் இல்லை. அது மேலே மிதக்கும்.

குளிர்ந்த சாலட் செய்வதானால் அலசத்தான் வேண்டும், இல்லையேல் கட்டியாகிவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து உப்புமாபோல் கிளறும் பாஸ்தாவையும் அலசலாம். இத்தாலியர் ஏற்பார்களா என்பது வேறு செய்தி.

அலசுவதால் பாஸ்தாவில் மாறுவது பெரும்பாலும் சுவைதான். அரிசியில் இழப்பு பெரிது. அமெரிக்காவில் ‘என்ரிச்டு’ எனக் குறிக்கப்படும் மாவு, பாஸ்தா, அரிசி ஆகியவற்றில் இரும்புச்சத்து, தயமின், நியாசின் ஆகியவற்றுடன் ஃபோலிக் அமிலமும் 1998 ஜனவரி முதல் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது. கருவில் உள்ள குழந்தையின் மூளை, முதுகுத்தண்டுக் குறைபாடுகளைத் தடுப்பதே ஃபோலிக் அமிலம் சேர்ப்பதன் நோக்கம். பாஸ்தாவில் இச்சத்துகள் மாவோடு பிசையப்படுகின்றன. அரிசியிலோ பல வேளைகளில் மேற்பூச்சாகவே உள்ளன. தெளிந்த நீர் வரும்வரை களைந்தால் அவை நீரோடு போய்விடும். சமைக்குமுன் கழுவ வேண்டாம், சமைத்தபின் வடிக்க வேண்டாம் என்று சில அரிசிப் பைகளில் அச்சிட்டிருப்பது இதனாலேயே.

இந்தியக் கடைகளில் வாங்கும் பொன்னி, சோனா மசூரி வகைகளில் பெரும்பாலும் இவ்வாறு சத்துகள் சேர்க்கப்படுவதில்லை. அவற்றை வழக்கம்போல் களையலாம். பையின் குறிப்பைப் படித்தறிவதே உறுதியான வழி.

கஞ்சி வடிப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பங்கு அரிசிக்கு 6 முதல் 10 பங்கு நீர் வைத்து வடித்தால், அரிசியிலுள்ள தீய ஆர்சனிக் 40 முதல் 60 விழுக்காடு குறையும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கூறுகிறது. ஆனால் சேர்த்த சத்துகளிலும் பாதிக்கு மேல் கஞ்சியோடு வெளியேறும். நாள்தோறும் சோறு உண்ணும் வீட்டில் வடிப்பது நியாயமான தேர்வே. எனினும் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் பரிந்துரைக்கப்படுகிறது. கருவின் நரம்புக்குழாய் முதல் நான்கு வாரங்களுக்குள், பலர் கருவுற்றதை அறியுமுன்பே, மூடிவிடுகிறது. ஆகவே சோற்றை மட்டும் நம்பியிராமல், மாத்திரை குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.