நான்கு துளை ஸ்டீரியோவை வெல்டிங் ராடால் கழற்றுவது எப்படி?

பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றில், கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோவின் முகப்பை உற்றுப் பார்த்தால் இடது ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு, வலது ஓரத்தில் இரண்டு என்று நான்கு சின்னத் துளைகள் தெரியும். சில மாடல்களில் பிளாஸ்டிக் மூடி அவற்றை மறைத்திருக்கும். ஸ்க்ரூ எங்கே என்று தேட வேண்டாம், முகப்பில் ஸ்க்ரூவே கிடையாது. ஸ்டீரியோவின் இரு பக்கமும் உள்ள ஸ்பிரிங் தகடுகள், டேஷ்போர்டுக்குள் இருக்கும் இரும்புக் கூட்டைக் கவ்விக்கொண்டிருக்கும். துளை வழியாகக் கம்பியை விட்டு அந்தக் கவ்வலை விடுவித்தால் போதும், ஸ்டீரியோ முன்னால் வந்துவிடும்.

இது தெரியாதவர்கள் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புகிறார்கள். நெம்புவதால் ஸ்பிரிங் விடுவதே இல்லை. டேஷ்போர்டின் விளிம்புதான் பிளக்கும். ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. பழைய மாடலின் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டால், அதே நிறத்தில் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அரை மணி நேரம் செலவழித்துச் சாவியை நீங்களே செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

கம்பியைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவை, பேட்டரி இணைப்பு போனதும் ரகசிய எண் கேட்கும். வண்டியோடு வந்த புத்தகத்திலோ சிறு அட்டையிலோ அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் கழற்றலாம். ஆனால் கழற்றியதும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு ஸ்டீரியோக்களில் வி அல்லது எம் என்ற எழுத்தில் தொடங்கும் சீரியல் எண் அதில் இருக்கும், அதை வைத்து ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். உள்ளே சிடி ஏதாவது இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் லீவர் பின்னால் சாய்ந்து இருக்கும்படி இரண்டாம் கியரில் வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி வண்டியின் இரும்பில் பட்டதுமே தீப்பொறி பறக்கும். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் கழற்றிய பிறகு பத்து நிமிடம் காத்திருப்பது நல்லது. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட ஒயரோ சாக்கெட்டோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதில் கை வைக்கவே கூடாது.

இனி சாவி செய்யும் வேலை. துணி மாட்டும் ஹேங்கர் கம்பியைப் பலரும் சொல்வார்கள். அது மிருதுவானது, ஸ்பிரிங்கைத் தள்ளுவதற்குள் தானே வளைந்துவிடும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிக்கு விறைப்பு உண்டு, ஆனால் மெலிசு. ஸ்பிரிங்கைச் சரியாகத் தொடாமல் நழுவிப் போகும். நான் சிபாரிசு செய்வது பத்தாம் நம்பர் வெல்டிங் ராடு. அதன் உள்கம்பி 3.15 மில்லிமீட்டர் தடிமன், நேரானது, வளைத்தாலும் உடையாது. வெல்டிங் பட்டறையில் கேட்டால் இரண்டு ராடு கொடுத்துவிடுவார்கள். மேலே இருக்கும் பூச்சைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் செதில் செதிலாக உதிரும். தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொண்டு, வெளியில் வைத்துத் தட்டுங்கள். மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கம்பியைப் பளபளப்பாக்குங்கள். துளைக்குள் அது தாராளமாகப் போகிறதா என்று நுனியை மட்டும் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் 2.5 மில்லிமீட்டர் உள்ள பன்னிரண்டாம் நம்பர் ராடுக்கு மாறிக்கொள்ளுங்கள். கம்பியைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம்.

ஒரு பக்கத்து இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளப்பதைவிட, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைத் துளைகளின் மேல் அழுத்திப் பிடித்துப் பென்சில் நுனியால் குத்திக்கொள்வது துல்லியம். அந்த அட்டை அளவுக்கு ராடை வைஸில் பிடித்து 'ப' வடிவத்தில் வளையுங்கள். கால்கள் ஒவ்வொன்றும் எட்டு சென்டிமீட்டராவது இருக்கட்டும், அப்போதுதான் பிடித்து இழுக்கக் கை கிடைக்கும். இரண்டு காலும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். நுனியை அரத்தால் உருட்டி மழுங்கச் செய்யுங்கள். நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஸ்டீரியோவுக்கு வெளிப்பக்கமாக இருக்கும் முகத்தில், அரத்தின் விளிம்பால் ஒரு சிறு வெட்டு போடுங்கள். அரை மில்லிமீட்டர் ஆழம் போதும், அதற்கு மேல் போனால் கம்பி அங்கேயே முறியும். ஸ்பிரிங் இந்த வெட்டில் உட்கார்ந்தால்தான் இழுக்கும்போது கம்பி மட்டும் உருவிக்கொண்டு வராமல் ஸ்டீரியோவும் கூடவே வரும். இதேபோல் இன்னொரு 'ப' செய்துவிட்டால் சாவி தயார்.

டேஷ்போர்டில் துளைகளைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முதல் 'ப'வை நேராக, சாய்க்காமல் உள்ளே தள்ளுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் போனதும் ஓர் எதிர்ப்பு தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டிக்' என்று விரலில் உணர்வீர்கள். பட்டறையின் இரைச்சலில் காதுக்குக் கேட்காமல் போகலாம், விரலுக்குத் தப்பாது. அதோடு நிறுத்துங்கள். மேலும் குத்தினால் ஸ்பிரிங் நிரந்தரமாக வளைந்து, அப்புறம் எந்தச் சாவிக்கும் மசியாது. மறுபக்கமும் இப்படியே. இப்போது இரண்டு 'ப'வையும் இரு கையில் பிடித்து, இடது கையை இடப்பக்கமாகவும் வலது கையை வலப்பக்கமாகவும் லேசாக விரித்தபடி, ஒரே சீராக உங்களை நோக்கி இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்து மறுபக்கம் நின்றுவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்டீரியோவைத் திரும்ப உள்ளே தள்ளி, நின்ற பக்கத்துக் கம்பியை மறுபடி 'டிக்' வரும்வரை போடுங்கள். பல ஸ்டீரியோக்களின் முதுகில் ஒரு முளை இருக்கும், அது பின்னாலிருக்கும் தாங்கியில் செருகி நிற்கும். கோணலாக இழுத்தால் அங்கேதான் சிக்கும்.

நான்கு விரல் அகலம் வெளியே வந்ததும் நில்லுங்கள், பின்னால் ஒயர் நீளம் அதிகம் இருக்காது. முதலில் போனில் ஒரு படம். ஆன்டெனா பிளக்கை ஒயரைப் பிடித்து இழுக்காமல் உலோகத் தலையைப் பிடித்து உருவுங்கள். மற்ற சாக்கெட்டுகளில் ஒரு நாக்கு இருக்கும், கட்டைவிரலால் அதை அமுக்கிக்கொண்டே இழுத்தால் கழன்றுவிடும். ஸ்டீரியோ கைக்கு வந்த பிறகும் கம்பிகள் அதிலேயே மாட்டி நிற்கும். பக்கவாட்டு ஸ்பிரிங்கை உள்நோக்கி அழுத்தினால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

புது செட் மாட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: கம்பெனி சாக்கெட்டை வெட்டாதீர்கள். பல கடைகளில் முதல் வேலையே கட்டிங் பிளேயரை எடுப்பதுதான். வெட்டிய பிறகு எந்த ஒயர் எதற்கென்று யாருக்கும் தெரியாது, பழைய செட்டைத் திரும்ப மாட்டவும் முடியாது. உங்கள் மாடலுக்கான மாற்றுச் சாக்கெட் ஒயர் செட் கார் ஆக்சஸரி கடைகளில் கிடைக்கிறது. புது செட்டின் பக்கத்தில் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரி மின்சாரம், சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரம், கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரை வண்டியின் பாடியில் எர்த் செய்தால் செட்டின் ஆம்ப்ளிஃபையர் ஐசி கருகிவிடும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்கள் சிலவற்றில் துளைக்குப் பதில் மெல்லிய கீறல் இருக்கும். அதற்குக் கம்பி ஆகாது, பல் தேய்த்த ஹாக்ஸா பிளேடு துண்டுதான் சரி. மாருதி, ஹூண்டாய் போன்றவற்றில் பெரும்பாலும் துளையும் கிடையாது, கீறலும் கிடையாது. காலாவதியான ஏடிஎம் கார்டை விட்டு முகப்புப் பட்டையின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் உள்ளே ஸ்க்ரூக்கள் தெரியும்.

மாட்டும்போது 'டிக்' வரும்வரை தள்ளுவதற்கு முன், பேட்டரியை இணைத்து நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியே பாடுகிறதா என்று பாருங்கள். பழைய ஸ்டீரியோவையே மாட்டினால் ரகசிய எண்ணை நிதானமாகப் போடுங்கள், தொடர்ந்து தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். செய்த சாவிகளை வண்டிக்குள் வைக்காமல் வீட்டு டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். கண்ணாடியை உடைத்து உள்ளே வருகிறவன் கையில் அவை கிடைக்கக் கூடாது.