இறக்கை ஆடினால் பயப்படலாமா?

ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வழியில் விமானம் குலுங்கியபோது இறக்கை மேலும் கீழும் ஆடியது. இறங்கும்போது அதன் பின்பகுதி பிரிந்து வெளியே வந்தது. உடைந்துவிடாதா?
– வாசகி ஒருவர், திருச்சி

உடையாதம்மா. ஆடுவதற்கென்றே செய்த இறக்கை அது. உள்ளே அடியிலிருந்து நுனி நோக்கி ஸ்பார் என்ற உறுதியான உத்திரங்கள் ஓடும், குறுக்கே விலா எலும்புகள் போலச் சட்டங்கள், மேலே தகடு. எரிபொருளும் பெரும்பாலும் இதற்குள்தான். அந்த எடையே இறக்கை அளவுக்கு மீறி மேலே வளையாமல் பிடித்துவைக்கிறது. 2010-ல் போயிங் 787-ன் இறக்கைகளைத் தரையில் வைத்துச் சோதித்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு! நுனி சுமார் 25 அடி மேலே வளைந்தும் உடையவில்லை. நீங்கள் பார்த்த ஆட்டம் அதற்கு முன்னே எம்மாத்திரம்?

பிரிந்து வந்தது ஃபிளாப். வேகம் குறைந்தால் இறக்கையின் தூக்குவிசையும் குறையும். ஃபிளாப் நீண்டு வளைந்து அதை ஈடுகட்டுகிறது. சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் சடாரென நிமிரும் பலகைகள் ஸ்பாய்லர்கள். தூக்குவிசையைக் கெடுத்து, முழுப் பாரத்தையும் சக்கரங்களில் இறக்குவது அவற்றின் வேலை. அப்போதுதான் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்த முறை இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அத்தனையும் கண்ணெதிரே நடக்கும்.