விண்டோஸ் 11: காணாமல்போன வசதிகளை மீட்க...

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, பழகிய சில வசதிகளை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. திறந்திருக்கும் கோப்புகளின் பெயர்கள் டாஸ்க்பாரில் தெரியவில்லை; சின்னம் மட்டும்தான். நான்கைந்து எக்ஸெல் கோப்புகளோடு மல்லுக்கட்டும் கணக்காளர்களுக்கு இது பெரிய தொல்லை. 2023-ல்தான் பெயர்கள் திரும்பி வந்தன, அதுவும் நாமே மாற்றிக்கொண்டால்தான். டாஸ்க்பாரில் வலது கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போங்கள். 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் 'கம்பைன்' என்று தொடங்கும் வரியில் 'நெவர்' என்று வையுங்கள். ஸ்டார்ட் பட்டனை இடது ஓரத்துக்குக் கொண்டுபோகும் 'அலைன்மென்ட்'டும் அங்கேயே இருக்கிறது.

வலது கிளிக் மெனு சுருங்கிவிட்டதா? ஷிஃப்டை அழுத்தியபடி கிளிக் செய்தால் பழைய மெனு முழுதாக வரும்.

டாஸ்க்பார் அசையாமல் நின்றால் தயவுசெய்து பவர் பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மீது வலது கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஃபோல்டர்கள் மூடிக்கொள்ளலாம், வேர்டும் எக்ஸெலும் அப்படியே இருக்கும். திரையே கறுத்துப்போனால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

அப்டேட் போட்ட பிறகு பிரிண்டர் மக்கர் செய்கிறதா? செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', 'அப்டேட் ஹிஸ்டரி', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று போய்க் கடைசியாக வந்ததை நீக்கலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு போய்விடும். கோளாறு சரியானதும் மறுபடி போட்டுவிடுங்கள்.