பாட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்

ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ், ஹோவிக், ஃபிளாட் புஷ் பக்கம் நம் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் பாடுகிறார்கள். பொங்கல் விழாவிலும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சுருதி விலகுவதில்லை, மேடைக் கூச்சமும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததும் பெரும்பாலோருக்குப் பாட்டு நின்றுவிடுகிறது. நிறுத்த மனமில்லாத சிலர் வழி கேட்கிறார்கள். இந்தப் பகுதியில் நெடுங்காலம் கித்தார் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. சொந்தப் பாட்டு எழுதுங்கள். மற்ற அறிவுரைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கராக்கே டிராக்கை ஓடவிட்டுச் சினிமாப் பாட்டுப் பாடுவது நம் மேடை வழக்கம். அது நல்ல பயிற்சி. இளையராஜாவின் மெட்டுகளைப் பாடிப் பாடிப் பழகியவருக்குப் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும் வழி காதிலேயே படிந்துவிடும். ஆனால் அப்போது கிடைக்கும் கைதட்டில் பெரும்பங்கு அந்தப் பழைய பாட்டுக்கு, அதோடு ஒட்டியிருக்கும் கேட்பவரின் நினைவுக்கு. உங்களை அவர்கள் இன்னும் கேட்கவில்லை. டீ ராக்காவ் டிரைவில் பஸ்ஸுக்கு நின்ற மழை மாலையும், ஊரிலிருக்கும் அம்மம்மாவோடு போனில் பேசும்போது வாய்க்கு வராமல் போன தமிழ்ச் சொல்லும் உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை. அவற்றை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை.

தொடக்கப் பாட்டுகள் சுமாராகத்தான் வரும். வந்தாலும் பாதியில் விடாமல் முடியுங்கள். டெவன்போர்ட்டில் வளர்ந்த பாடகி லார்ட் பள்ளித் திறமைப் போட்டியில் பாடியது 2009இல். அந்தப் பதிவைப் பார்த்து யுனிவர்சல் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் அவருடைய ‘ராயல்ஸ்’ பாட்டு வெளியே கேட்டது 2012 நவம்பரில்தான். இடையில் பாட்டெழுதுபவர்கள் சிலரோடு அவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. 2011 கடைசியில் இசைத் தயாரிப்பாளர் ஜோயல் லிட்டில் அமைந்த பிறகே வழி பிறந்தது. 2013 அக்டோபரில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. குரல் முதலிலேயே இருந்தது, பாட்டு வரத்தான் காலம் பிடித்தது.

2. உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறீர்களா? ராக்குவெஸ்ட் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். அங்கே சொந்தப் பாட்டுதான் பாட வேண்டும். 2004இல் அதில் இரண்டாமிடம் வந்த ஹாமில்டன் பெண் கிம்ப்ரா, பின்னால் பாடகர் கோட்டியேயோடு பாடிய பாட்டுக்காகக் கிராமி வாங்கினார். பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, இந்தத் தேதிக்குள் பாட்டு முடிய வேண்டும் என்ற கட்டாயம் கிடைக்கிறதே, அதற்காகவே போகலாம்.

3. தமிழில் பாடினால் இந்த நாட்டில் யார் கேட்பார்கள் என்று தயங்காதீர்கள். இந்த நாட்டின் வரலாறே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. டாரனாக்கியில் பாத்தேயா என்ற சிற்றூர். 1982இல் அங்கிருந்த இறைச்சித் தொழிற்சாலையை மூடியதும் ஊரே வேலையிழந்தது. அந்த ஊர்க்காரர்களின் மாவோரி மன்றத்துக்காக டால்வேனியஸ் பிரைம் ‘போய் ஏ’ என்ற பாட்டுக்கு இசையமைத்தார். மாவோரி மொழியில் சொற்களை எழுதியவர் ங்கோய் பேஃபைராங்கி. இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. டால்வேனியஸ் மாவுயி ரெக்கார்ட்ஸ் என்று தாமே ஒரு நிறுவனம் தொடங்கி வெளியிட்டார். 1984இல் அது நியூசிலாந்தின் முதலிடப் பாட்டு. 2010இல் அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘பாய்’ படம் வந்தபோது மீண்டும் பட்டியலில் ஏறியது. சொந்த மொழியில், சொந்த முயற்சியில் இசை செய்வதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி எனக்குத் தெரியாது. ஒரு முறையாவது கேளுங்கள்.

4. கருவி வாங்கும் ஆசையை அடக்குங்கள். மாதங்கி அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த ஈழத்துப் பெண், லண்டனில் இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி.-505 கருவி ஒன்றில்தான் தொடங்கினார். முதல் பாட்டு ‘கலாங்’ 2003இல் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வந்தது.

5. நம் வீடுகள் மரச்சட்ட வீடுகள், சத்தம் வேலியைத் தாண்டும். பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாநகர சபை அதிகாரி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அந்த உத்தரவு 72 மணி நேரம் வரை செல்லும். மீறினால் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு அதிகாரம் உண்டு.

6. அறிமுகமில்லாதவர் முன்னால் பாடுங்கள். சொந்தக்காரர்கள் எப்படியும் தட்டுவார்கள். ஹோவிக் சனிக்கிழமைச் சந்தையில் காய்கறிப் பையோடு போகிறவரை நிற்க வைக்க முடிகிறதா பாருங்கள். தெருவில் பாட ஆக்லாந்து மாநகர சபையின் அனுமதி தேவை, முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இசை மேடைகள் உள்ள கரங்காஹாப்பே சாலைக்குப் போங்கள். நம் பகுதியில் ரயில் இல்லை, நிகழ்ச்சியோ நள்ளிரவில்தான் முடியும். கித்தாரோடு வீடு திரும்பும் வழியை முன்பே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

7. உரிமையை எழுத்தில் வையுங்கள். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு. சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவதற்கான ராயல்டியை அப்ரா ஆம்கோஸ் வசூலித்துத் தருகிறது. ஒலிப்பதிவுக்கு ரெக்கார்டட் மியூசிக் என்.இசட். இருக்கிறது. பாட்டெழுதுபவர் அப்ராவில் சேரக் கட்டணம் இல்லை. சேர்ந்த பிறகு ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். மேடையில் சொந்தப் பாட்டுப் பாடினால் எங்கே, எப்போது, எந்தப் பாட்டு என்று விவரம் கொடுக்க வேண்டும். சோம்பலில் இதை விட்டுவிட்டால் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் சேராது.

கூட்டாக எழுதினால் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். “நண்பனிடம் போய்க் காசு பேசுவதா” என்று நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். பேசாமல் விட்டதால் முறிந்த நட்புகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்ற தமிழ்ப் பாட்டு 2021இல் உலகெங்கும் ஒலித்தது. மூன்று ஆண்டு கழித்து, அதனால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை பெரிய கலைஞர்களுக்கே அந்த நிலை. வழக்கறிஞர் படித்துப் பார்க்காத ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

8. வேலையை விடாதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்கு ராயல்டி கணக்கே தொடங்கும். அந்தக் காசில் வாடகை கட்ட முடியாது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண் பிரியா ராகு, வீட்டில் அப்பாவோடும் அண்ணனோடும் பாடி வளர்ந்தவர். விமான நிறுவனம் ஒன்றில் உதிரிபாகக் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அண்ணனோடு சேர்ந்து பாட்டுகளை உருவாக்கினார். 2020இல் ‘குட் லவ் 2.0’ ஃபிஃபா 21 விளையாட்டில் இடம்பிடித்த பிறகே பெரிய நிறுவனம் வந்தது. மாதச் சம்பளம் இருந்தால், பிடிக்காத ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லலாம். சுதந்திரக் கலைஞருக்கு அந்தத் தெம்பு மிகவும் தேவை.

9. அம்மா அப்பாவிடம் மறைக்காதீர்கள். கணக்கு வழக்கோடு உட்கார்ந்து பேசுங்கள், புரிந்துகொள்வார்கள்.

விழா நடத்தும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பிள்ளை தானே எழுதிய தமிழ்ப் பாட்டை, டிராக் இல்லாமல், தன் பெயர் சொல்லிப் பாடட்டும்.