அறிவியல் வகுப்பறையில் கருவிகளின் பங்கு – ஒரு நோக்கு

முன்னுரை

கேட்டல், காணல், செய்தல் என்னும் மூன்று வாயில்களின் வழியே கல்வி மாணாக்கர் உள்ளத்தில் புகுகின்றது. மொழிப் பாடத்திற்குப் பெரும்பாலும் முதல் வாயிலே போதுமானதாக அமைந்துவிடுகின்றது. அறிவியலோ மூன்றனையும் வேண்டி நிற்பது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்துங்கால், கற்பித்ததையே திருப்பிச் சொல்வோருக்குக் கிளியை உவமையாக்கி, அவரை இடைமாணாக்கர் வரிசையில் வைக்கின்றது. இன்றைய அறிவியல் வகுப்புகளில் இக்கிளிகள் மிகுதியாக இருப்பதேன்? புதிய தொழில்நுட்பக் கருவிகள் இந்நிலையை மாற்ற வல்லனவா? தமிழ்த்துறையைச் சார்ந்த நமக்கு இதில் என்ன பங்கு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருட்டறை தந்த பாடம்

கருவி கொண்டு கற்பது புதுமையன்று. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஸ்ரா நகரில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை ஏழு பகுதிகளாக அரபு மொழியில் இயற்றினார். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காட்சி நிகழ்கின்றது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்த கருத்தை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகின்றது என நிறுவினார்.

அவர் செய்த சோதனைகளுள் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. இருண்ட அறைக்குச் செல்லும் சிறு துளையின் முன்னே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். அறைக்குள்ளே விளக்கு ஒன்றுக்கு ஓர் ஒளிப்பொட்டாகத் தோன்றியது. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. திரையை விலக்கியதும் மீண்டும் தோன்றியது. எனவே பல விளக்குகளின் ஒளி ஒரே துளையின் வழியே செல்லினும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது தெளிவாயிற்று. விளக்கும் துளையும் இருண்ட அறையும் எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவனவே. அவற்றை அறிவியற் கருவியாக்கியது அவர்தம் வினாவேயன்றோ! வினா முன்னும் கருவி பின்னுமாக அமைதல் வேண்டும் என்பதே அவ்விருட்டறை நமக்குத் தரும் பாடமாகும்.

வானிலிருந்து வந்த வகுப்பு

நம் நாட்டில் தொழில்நுட்பத்தைப் பெருமளவிற் கல்விக்குப் பயன்படுத்திய முன்னோடி முயற்சி, 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையாகும். ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையுடன் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இதனை நடத்தியது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் நிகழ்ச்சிகளைக் கண்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தனி நிகழ்ச்சிகளும் ஒளிபரப்பாயின. எனினும் அது ஒருவழிப் பாதையாகவே இருந்தது. திரையில் தோன்றியவரிடம் பிள்ளை திருப்பி வினவ இயலவில்லை. பின்னர் 2004 செப்டம்பரில் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள், இருவழி உரையாடலுக்கும் இடமளித்து அக்குறையை ஓரளவு நீக்கியது. காண்பது மட்டும் கல்வியாகாது, வினவுதலும் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இரு விளக்குகளும் ஒரு மாணவியும்

நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். தமிழ்வழிப் பள்ளியிற் பயின்று இயற்பியல் வகுப்பிற் சேர்ந்த மாணவி ஒருவர், ஆங்கிலப் பாடநூலில் உள்ள சொற்களுக்குத் தமிழ் கேட்டு நம்மிடம் வருவதுண்டு. மின்னோட்டத்தின் வரையறையை ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்பிப்பார். ஒருநாள் ஒரு மின்கலத்துடன் ஒரே வகையான இரு சிறு விளக்குகளைத் தொடர் இணைப்பில் படமாக வரைந்து, "எது மிகுதியாக ஒளிரும் அம்மா?" என்று கேட்டோம். "முதல் விளக்குதான் ஐயா. அது எடுத்துக்கொண்டது போக மிச்சந்தானே அடுத்ததற்குப் போகும்?" என்றார்.

வரையறை நாவில் இருந்தது. உள்ளத்தில் வேறொரு கருத்து இருந்தது. அக்கருத்தை அவருக்குத் தந்தது யார்? நம் அன்றாடப் பேச்சே என்று தோன்றுகின்றது. "கரண்டு செலவாகிறது", "கரண்டு தீர்ந்துவிட்டது" என்று வீட்டில் பேசுகின்றோம். உண்மையில் செலவாவது ஆற்றலே. தொடர் இணைப்பில் மின்னோட்டம் எவ்விடத்தும் ஒரே அளவினது. ஆகவே ஒரே வகையான இரு விளக்குகளும் சமமாகவே ஒளிரும்.

இத்தகைய பிழைக்கருத்துகளைக் களைவதிற் கணினி சிறந்த துணையாகின்றது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'பெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். இத்திட்டத்தின் கணினி மாதிரிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் மின்சுற்று மாதிரியில் மாணாக்கர் தாமே கலத்தையும் கம்பியையும் விளக்கையும் திரையில் இணைக்கலாம். கண்ணுக்குப் புலனாகாத எலக்ட்ரான்கள் கம்பியினுள் நகர்வது அங்கே புள்ளிகளாகத் தோன்றும். முதல் விளக்கிற்கு முன்னும் பின்னும் அவை ஒரே வேகத்தில் நகர்வதைக் காணும் மாணாக்கர் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொள்வர்.

அப்பல்கலைக்கழகத்தினர் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வின் முடிவு வியப்பளிப்பதாகும். மாணாக்கருள் ஒரு பகுதியினர் உண்மையான கம்பி, விளக்குகளைக் கொண்டும், மற்றொரு பகுதியினர் கணினி மாதிரியைக் கொண்டும் பயின்றனர். பின்னர் இரு சாராரும் உண்மையான மின்சுற்றை அமைத்து விளக்குமாறு கேட்கப்பட்டனர். கருத்துத் தெளிவில் மட்டுமன்றி, உண்மைச் சுற்றை அமைத்து விளக்குவதிலும் கணினி வழிப் பயின்றோரே சிறந்து விளங்கினர்.

கருவியின் எல்லை

இதனைக் கொண்டு ஆய்வுக்கூடங்களை மூடிவிடலாம் எனக் கருதுதல் பெருந்தவறாகும். திரையிலுள்ள கம்பி துருப்பிடிப்பதில்லை, இணைப்பு தளர்வதில்லை. உண்மைக் கருவியோ பிழை செய்யும். அப்பிழையைத் தேடிக் கண்டறிவதும் அறிவியற் பயிற்சியே. மேலும், திரையில் நகரும் புள்ளிகள் விளங்கவைக்கும் உருவகமே அன்றி எலக்ட்ரானின் உண்மை வடிவம் அல்ல. உவமையையும் பொருளையும் பிரித்தறியும் பழக்கம் இலக்கிய மாணாக்கருக்கு மட்டுமன்றி அறிவியல் மாணாக்கருக்கும் இன்றியமையாதது.

எனவே ஆசிரியர் முறை ஒன்றைக் கைக்கொள்ளல் நலம். முதலில், என்ன நிகழும் என்று மாணாக்கர் தம் ஏட்டில் எழுத வேண்டும். அடுத்து, திரையிலோ மேசையிலோ நிகழ்வதைக் காண வேண்டும். இறுதியாக, தாம் எழுதியதும் கண்டதும் ஏன் மாறுபட்டன என்பதைத் தம் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும். முதற்படியை விட்டுவிட்டால் கணினியும் மற்றொரு கிளிக்கூண்டாகிவிடும்.

இம்மூன்றாம் படியிலேதான் தமிழாசிரியர் பணி தொடங்குகின்றது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்னும் கலைச்சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை மனப்பாடத்திற்கு உரியனவாக வைக்காமல், கண்டதைச் சொல்லப் பயன்படும் சொற்களாக்கித் தருதல் நம் கடமை. தாய்மொழியில் விளங்கிக்கொண்டதை ஆங்கிலத்தில் எழுதுவது பின்னர் எளிதாகிவிடும்.

முடிவுரை

நாம் அம்மாணவியை இயற்பியல் துறைக்கு அழைத்துச் சென்றோம். ஆசிரியர் திரையில் மாதிரியைக் காட்டினார். பின்னர் மேசையில் உண்மையான இரு விளக்குகளையும் எரியவிட்டார். மாணவி நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் கலத்தில் தீர்ந்துபோவது எது ஐயா?" என்று கேட்டார். அவர் தாமாக எழுப்பிய முதல் வினா அது. அவ்வினாவுக்காகவே இத்தனை கருவிகளும்!

நம் சமுதாயத்தில் குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வரும் பிள்ளைகள் இன்றும் பலர். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல அஞ்சி, அறிவியற் படிப்பையே கைவிடுவோரும் அவருள் உளர். கல்விக்கு வாரி வழங்கும் பெரியோர்கள் கணினி ஒன்று வழங்கும்போது, அதனுடன் நான்கு மின்கலங்களும் பத்து விளக்குகளும் சிறிது கம்பியும் சேர்த்து வழங்குவார்களாக. ஆசிரியப் பெருமக்கள், பாடத்தை விரைந்து முடிப்பதினும் ஒரு வினாவுக்குக் காத்திருப்பதைப் பெரிதெனக் கொள்வார்களாக. மாணாக்கச் செல்வங்கள், பிழைபட விடையளிப்பதற்கு நாணாது, தாம் எண்ணியதை முதலில் எழுதிவிட்டுப் பின்னர் திரையை நோக்குவார்களாக!