சிற்றறைக்கு ஏற்ற ஒலிபெருக்கி

இசையை விரும்பாதவர் இலர். வீட்டில் நல்ல ஒலிபெருக்கி வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால் கடையில் "எத்தனை வாட்?" என்று கேட்கும் நாம், "எந்த அறைக்கு?" என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அறையை அறிந்த பின்னரே ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. தம்பி பொதுத் தேர்வுக்குப் படிப்பதும் அங்கேதான். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் வீணாகக் கூடாது என்பதால் முதலில் அறையை ஆராய்ந்தேன்.

எதிரெதிர்ச் சுவர்களிடையே ஒலி சென்று மீளும்போது நிலை அலை தோன்றுகிறது. ஒலியின் திசைவேகமாகிய வினாடிக்கு 345 மீட்டரை, அறை நீளத்தின் இருமடங்காகிய 6.1 மீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் வரும். மூன்று அளவுகளும் சமமாதலால் மூன்று ஒத்ததிர்வுகளும் ஓரிடத்திலேயே கூடுகின்றன. நண்பரிடம் இரவல் பெற்ற எட்டங்குல ஒலிபெருக்கியில் அந்த அதிர்வெண்ணை எழுப்பினேன். சுவர் மூலையில் முழங்கிய ஒலி, அறை நடுவில் நின்றபோது பெரிதும் அடங்கிவிட்டது. இத்தகைய அறையில் பெரிய ஒலிபெருக்கி இசையைத் தராது; முழக்கத்தையே தரும்.

அடுத்தது எதிர்முழக்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சேபின் 1895-இல் விரிவுரைக் கூடமொன்றை இருக்கை மெத்தைகளைக் கொண்டு ஆராயத் தொடங்கி, இதற்கொரு வாய்பாடு கண்டார். அதன்படி, சிமெண்டு பூசிய எங்கள் வெற்றறையில் ஒலி அடங்க ஏறத்தாழ 2.7 வினாடி ஆகும். மெத்தை, துணிமணி, புத்தக அடுக்கு ஆகியவை சேர்ந்தால் ஒரு வினாடிக்கும் கீழே இறங்கும். அதே ஒலிபெருக்கியைக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் நண்பரின் கூரை வீட்டில் வைத்துக் கேட்டேன். மண்சுவரும் வேய்ந்த கூரையும் ஒலியை உட்கவர்ந்ததால் பாடலின் சொற்கள் தெளிவாகக் கேட்டன. கருவி ஒன்றே, அறைதான் வேறு.

வாட் கணக்கிலும் மயங்க வேண்டாம். திறனை இருமடங்காக்கினால் ஒலிச்செறிவு 3 டெசிபல்தான் கூடும். ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் தரும் ஒலிபெருக்கி சிற்றறைக்குத் தாராளம்.

ஆகவே நான்கு அல்லது ஐந்து அங்குலக் கூம்புடைய, மூடிய பெட்டி இணையே ஏற்றது என முடிவு செய்தேன். அதை மூலையில் வைக்கலாகாது. சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளி, செவி உயரத்தில் வைக்க வேண்டும். இரு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைதல் நன்று.

வாங்குமுன் மிருதங்க இசையைக் கேட்டுச் சோதியுங்கள். அதன் வலந்தலையில் பூசிய கருஞ்சாந்தே மேற்சுரங்களை இசைவாக்குகிறது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். வலந்தலையின் ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்க வேண்டும். தொப்பியின் நாதம் அடுத்த அடியோடு குழம்பலாகாது.

தாழ்ந்த ஒலி சுவரையும் ஊடுருவும். ஆதலால் சிறிய ஒலிபெருக்கி நம் பணத்தைக் காப்பதோடு, படிக்கும் தம்பிக்கும் உறங்கும் பக்கத்து வீட்டாருக்கும் அமைதி தரும். பெரிதே சிறந்தது என்னும் எண்ணத்தை விடுத்து, அளவுநாடாவோடு தேர்வைத் தொடங்குவோமாக!